‘மற்ற சாதிகள்’ என்றொரு பத்தி
கல்வி வரலாற்றை ஆராய வரும் நம் பிள்ளைகளுக்கு

கல்வியியலில் முதுகலைக்குப் போகிற எந்த மாணவருக்கும் ‘ஆராய்ச்சி முறைகள்’ என்று ஒரு தாள் உண்டு. கருதுகோள் என்றால் என்ன, மாதிரியை எப்படி எடுப்பது, வினாநிரலை எப்படித் தயாரிப்பது, திட்டவிலக்கம் எப்படிப் போடுவது என்று ஒரு பருவம் முழுக்கச் சொல்லித் தருவார்கள். வரலாற்று முறைக்கும் ஒரு இயல் இருக்கும். அதில் புறத்திறனாய்வு, அகத்திறனாய்வு என்று இரண்டு சொற்கள் வரும். ஆவணம் உண்மையானதுதானா என்று பார்ப்பது முதலாவது. அது சொல்லும் சேதி நம்பத்தக்கதா என்று பார்ப்பது இரண்டாவது. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடலாம்.

ஆனா நம்மைப் பொறுத்தவரை அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள்ளதான் விசயமே இருக்கு. நாம் படித்தவர்களா, படிக்க விடப்படாதவர்களா, வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு எழுத்தைக் காட்டினானா, அதற்கு முன்பே நம் வீடுகளில் ஏடு இருந்ததா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆளுக்கொரு அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வந்து பதில் சொல்கிறார்கள். அட்டவணையைப் பார்த்ததும் நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். எண் பொய் சொல்லுமா? எண் சொல்லாது. எண்ணுக்கு மேலே எழுதியிருக்கிறதே தலைப்பு, அது சொல்லும்.

ஒரே ஒரு ஆவணத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

மன்றோவின் படிவம்

சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25 அன்று ஒரு குறிப்பு எழுதினார். நாட்டுப் பள்ளிக்கூடங்கள் எத்தனை, அவற்றில் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று ஜில்லா ஜில்லாவாகக் கணக்கெடுக்கச் சொன்னார். பள்ளிகளில் தலையிடும் எண்ணம் இல்லை, நிலவரம் தெரிந்தால் போதும் என்றார். வருவாய் வாரியம் கலெக்டர்களுக்கு ஒரு படிவத்தை அனுப்பியது. பதில்கள் வந்து சேர மூன்று வருசம் ஆனது. எல்லாவற்றையும் கூட்டி 1826 மார்ச் 10 அன்று மன்றோ முடிவை எழுதினார். மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. மாணவர்கள் 1,88,650.

கன்னட ஜில்லா கலெக்டர் இந்தப் படிவத்தை நிரப்புவதே வீண் வேலை என்று எழுதிவிட்டார். பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் நேர்மாறாக, பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதிலிருந்து வாத்தியாருக்குக் கொடுக்கும் கூலி வரைக்கும் நீளமாக எழுதி அனுப்பினார். சென்னையில் பள்ளியில் படிப்பவர்களைப் போல ஐந்து மடங்கு, அதாவது 26,963 பேர், வீட்டிலேயே படிக்கிறார்கள் என்று ஒரு கணக்கு வந்தது. இதில் ஏதோ பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். எண்களைச் சேகரித்தவருக்கே எண்கள் மேல் இருந்த சந்தேகம், பின்னால் அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் பலருக்கு இல்லை.

இப்போது படிவத்துக்கு வருவோம். அதில் மாணவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கப் பத்திகள் போட்டிருந்தார்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், ‘மற்ற எல்லாச் சாதிகள்’, முசல்மான்கள். ஒவ்வொன்றிலும் ஆண், பெண். அவ்வளவுதான். பறையர் என்று பத்தி இல்லை. பள்ளர் என்று இல்லை. சக்கிலியர் என்று இல்லை. தமிழ்நாட்டு ஊரில் அன்றைக்கு எவனும் தன்னை ‘வைசியன்’ என்றோ ‘சூத்திரன்’ என்றோ சொல்லிக்கொண்டு திரியவில்லை. சாஸ்திரத்தில் இருந்த வருணத்தைக் கொண்டுவந்து படிவத்தின் தலையில் வைத்தார்கள். ஊரில் இருந்த சாதிகளை அதற்குள் திணித்தார்கள். திணிக்க முடியாததெல்லாம் ‘மற்றவை’.

ஒரு பத்தி, இரண்டு கட்சி

1931 அக்டோபர் 20 அன்று காந்தி லண்டனில், பிரிட்டிஷார் வருவதற்கு முன்பு இருந்ததைவிட இந்தியா எழுத்தறிவில் தாழ்ந்துவிட்டது, ஓர் அழகிய மரம் பட்டுப்போனது என்ற பொருள்படப் பேசினார். ஆதாரம் காட்டு என்று பிலிப் ஹார்ட்டாக் என்ற கல்வி அதிகாரி மல்லுக்கு நின்றார். அரை நூற்றாண்டு கழித்து, 1983இல், மன்றோ காலத்துக் கடிதங்களையும் அட்டவணைகளையும் தொகுத்து தரம்பால் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். காந்தி சொன்ன ‘அழகிய மரம்’தான் அதற்குத் தலைப்பு. மூல ஆவணங்களை முழுசாக அச்சிட்டுக் கொடுத்தது பெரிய உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர் கொடுக்காவிட்டால் நாம் இப்படி உட்கார்ந்து கேள்வி கேட்கவும் முடியாது.

தரம்பால் கணக்குப்படி தமிழ் பேசும் ஜில்லாக்களின் பள்ளிகளில் பிராமணரும் வைசியருமாகிய ‘இருபிறப்பாளர்’ பிள்ளைகள் தென்னார்க்காட்டில் நூற்றுக்கு 13, சென்னையில் நூற்றுக்கு 23 பேர் அளவில்தான். ‘சூத்திரரும் மற்ற சாதிகளும்’ சேர்ந்து சேலத்திலும் திருநெல்வேலியிலும் நூற்றுக்கு 70, தென்னார்க்காட்டில் 84. ஆகவே அன்றைய பள்ளிகளில் பெரும்பான்மை சூத்திரர்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களும்தான் என்று அவர் முடிவு கட்டினார்.

இந்த முடிவு அதற்கப்புறம் போன இடங்கள் பல. ‘சாதிக் கொடுமையே வெள்ளைக்காரன் கட்டிய கதை, அதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே திண்ணையில் படித்தார்கள்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த அட்டவணையைத்தான் ஆட்டிக் காட்டுகிறார்கள். அப்படின்னா சேரிக்குத் தனிப் பள்ளி எதுக்கு? இடஒதுக்கீடு எதுக்கு? பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

எதிர்க்கட்சியில் இன்னொரு கூட்டம். ‘மிசனரியும் சர்க்காரும் வரும்வரை தாழ்த்தப்பட்டவனுக்கு எழுத்தே கிடையாது’ என்பார்கள். கேட்க நமக்குச் சாதகமாகத் தெரியும். ஆனால் நம் பாட்டன் பூட்டன் எல்லாரும் மண்ணாக இருந்தார்கள், எவனோ வந்து உயிர் கொடுத்தான் என்பதுதான் அதன் அர்த்தம்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் அந்தப் பத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. திருநெல்வேலியில் மாணவர்களில் நூற்றுக்கு 38 பேர் ‘மற்ற சாதிகள்’. யார் அவர்கள்? சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார்களா? கைவினைச் சாதியாரா? பள்ளரா, பறையரா? எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா? அட்டவணையை வைத்துச் சொல்ல முடியாது. ‘நம்மவர்கள் படித்தார்கள்’ என்றும் சொல்ல முடியாது, ‘படிக்கவே இல்லை’ என்றும் சொல்ல முடியாது. ஆராய்ச்சி மாணவர் முதலில் எழுத வேண்டிய வாக்கியம் இதுதான். பல ஆய்வேடுகளில் இந்த வாக்கியம்தான் காணோம்.

அடுத்தது, இந்த எண்ணை எவர் கையால் எழுதினார்கள் என்பது. கலெக்டர் தெருத்தெருவாகப் போய் எண்ணவில்லை. வருவாய்க் கணக்கெல்லாம் அன்று கர்ணத்திடமிருந்து தாலுகாவுக்கு, தாலுகாவிலிருந்து ஜில்லாவுக்கு என்றுதான் மேலே ஏறும். சேரிக்குள் கால் வைக்காத கணக்கப்பிள்ளை சேரிக்குள் ஒரு மரத்தடியில் நாலு பிள்ளை உட்கார்ந்திருந்தால் அதைப் பள்ளி என்று எழுதுவாரா? பெண் பிள்ளைகள் விசயத்திலும் இதே கதைதான். பத்தியில் ஏதோ கொஞ்சம் பெண்கள் தெரிவார்கள். பெண்களும் படித்தார்கள் என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும். கலெக்டர்களின் கடிதங்களையும் மன்றோவின் 1826 குறிப்பையும் படித்தால்தான், அவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்கு விடப்பட்ட நாட்டியப் பெண்கள் என்று தெரியும். அட்டவணையோடு வந்த கடிதத்தைப் படிக்காமல் அட்டவணையைப் படிக்காதே. இதை முதல் பாடமாகவே வைக்கலாம்.

எண்ணினால் எண்ண முடியும்

அந்தக் காலத்தில் அப்படித்தான் கணக்கெடுக்க முடியும் என்று சமாதானம் சொல்வார்கள். அது சரியில்லை. வங்காளத்தில் வில்லியம் ஆடம் 1835க்கும் 1838க்கும் இடையில் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். மூன்றாவதில் சில ஜில்லாக்களின் மாணவர்களைச் சாதிப் பெயர் போட்டே எண்ணியிருக்கிறார். வர்த்தமான் ஜில்லாவின் நாட்டுப் பள்ளிகளில் டோம் பிள்ளைகள் 61, சண்டாளப் பிள்ளைகள் 61 என்று எழுதியிருக்கிறார். அங்கே மிகத் தாழ்ந்தவை என்று அவர் வகைப்படுத்திய 16 சாதிகளின் பிள்ளைகள் மிசனரிப் பள்ளிகளில் 86 பேர், நாட்டுப் பள்ளிகளில் 674 பேர்.

இந்த எண் பெரியதா சிறியதா என்று வாதாடலாம். மொத்த மாணவர்களோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். ஆனாலும் வாதாட ஒரு எண்ணாவது இருக்கிறது. ‘தாழ்த்தப்பட்டவன் ஒருத்தன்கூட நாட்டுப் பள்ளியில் படிக்கல’ என்று வர்த்தமானைப் பற்றிச் சொல்ல முடியாது. ‘எல்லாரும் சமமா படிச்சாங்க’ என்றும் சொல்ல முடியாது. ஏறக்குறைய ஒரே காலம், ஒரே கும்பினி ஆட்சி. ஒரு இடத்தில் பெயரைக் கேட்டார்கள், பதில் கிடைத்தது. நம்ம ஊரில் பெயரைக் கேட்கவே இல்லை. வர்த்தமானில் கிடைத்ததை எடுத்துவந்து செங்கல்பட்டுக்கு ஒட்டவும் கூடாது. அங்குள்ள சாதி அமைப்பு வேறு, இங்குள்ளது வேறு.

ஒளித்து வைத்த சாதி

பத்தியில் பெயர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தம் ‘ஜீவிய சரித்திரச் சுருக்க’த்தை வெளியிட்டார். கோயமுத்தூரில் தாம் படித்த பள்ளியில் சுமார் 400 பிள்ளைகளில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவரெல்லாம் பிராமணர் என்கிறார். சாதி தெரிந்துவிட்டால் அவமானப்படுத்துவார்களே என்று பயந்து எவனோடும் சேராமல், பள்ளிக்கு வெளியே எங்காவது இருந்துவிட்டு மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம்.

இந்தப் பிள்ளையை எந்தப் பத்தியில் போடுவீர்கள்? பள்ளிப் பதிவேட்டில் அவர் ஒரு பெயர், ஒரு எண். மணி அடிக்கும் வரை வெளியே நின்ற அந்த நேரத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. ‘சேர்க்கை’ என்பதை மட்டும் எண்ணுகிற ஆய்வு அவரைச் சேர்க்கப்பட்டவராக எண்ணிவிட்டுப் போய்விடும். அதனால்தான் தன்வரலாறும் வாய்மொழியும் நமக்கு ஆய்வு ஆதாரம். புள்ளிவிவரம் பெரிய அண்ணன், வாக்குமூலம் தொட்டுக்க ஊறுகாய் என்று எந்தக் கைடு சொன்னாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

காந்தி லண்டனில் அழகிய மரத்தைப் பற்றிப் பேசிய அதே நாட்களில் அதே ஊரில் இரண்டாம் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. தீண்டப்படாதவர்களின் பிரதிநிதிகளாக அங்கே இருந்தவர்கள் அம்பேத்கரும் இந்த இரட்டைமலை சீனிவாசனும். மரத்துக்கு வெளியே நின்றவர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்.

எந்தக் கட்டில் தேடுவது

கல்வி வரலாறு என்றால் கல்வித்துறைக் கோப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைப்பது இன்னொரு தடை. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிற பிள்ளைகள் பொதுக்கல்வி இயக்குநரின் ஆண்டறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் நம் கல்விச் சேதி பாதிக்கு மேல் வேறு கட்டுகளில் கிடக்கிறது.

செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாமை, அடிமைக் கடன், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத கொடுமை, அதோடு கல்வி. எல்லாம் ஒரே அறிக்கையில் இருக்கின்றன. 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது இதன் விளைவாகத்தான். இது கிடப்பது வருவாய்த்துறைக் கட்டில். பள்ளிக்கூடத்துக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பு அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது. கல்வியியல் துறைகளுக்குத்தான் அது இன்னும் ‘பாடத்துக்கு வெளியே’. அந்தப் பழைய ஆணை வெறும் காகிதமல்ல என்பதை 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு காட்டியது.

1920 வாக்கில் இருந்து தாழ்த்தப்பட்டோருக்கான பள்ளிகளைச் சென்னை அரசின் தொழிலாளர் துறை நடத்தியது. அந்தச் சேதி தொழிலாளர் கமிஷனரின் அறிக்கைகளில் இருக்கிறது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவைதான். கூலிக்காரனாகவும் பிள்ளையாகவும் நம்மை ஒரே துறையில் வைத்தார்கள் என்பதே ஆராயத்தக்க ஒரு சேதி.

பிறகு நம்மவர்களே எழுதியது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ இதழ். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கி 1914இல் இறக்கும்வரை நடத்திய ‘தமிழன்’. ஆல்காட் 1894இல் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகள் பற்றி ஆல்காட் தரப்பு எழுதியதும் உண்டு, அந்தப் பள்ளிகளோடு பழகிய அயோத்திதாசரின் எழுத்தும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் படம் முழுசாகும். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவரும்வரை, தமிழ் எம்.ஏ. படித்த நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் பாடத்தில் வந்தது?

அயோத்திதாசர் ஒரு சேதி சொல்கிறார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், திருக்குறள், நாலடி நானூறு ஏட்டுப் பிரதிகளை எல்லிஸ் துரையிடம் கொடுத்தார் என்கிறார். எல்லிஸ் 1819இல் இறந்துவிட்டார். ஆக இது மன்றோ கணக்கெடுப்புக்கு முந்தைய கதை. பட்லர் வீட்டில் ஏடு இருந்தது. அந்த ஏட்டுக்கு எந்தப் பத்தி? வள்ளுவர் வீட்டுச் சோதிட ஏடு, வைத்தியர் வீட்டு வாகட ஏடு, இவையெல்லாம் ‘பள்ளி’ என்ற அளவுகோலுக்குள் வராத படிப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கந்தப்பன் கதையைச் சொல்வது பேரன், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து, தம் சமூகத்தின் பெருமையை நிலைநாட்டும் நோக்கத்தோடு. கர்ணத்திடம் கேட்ட கேள்வியை நம் பண்டிதரிடமும் கேட்கத்தான் வேண்டும். யார் சொன்னது, எப்போது, எதற்காக? கேட்டுவிட்டு, குடும்ப வாய்மொழி மரபு என்று தெளிவாக எழுதி, வேறு சான்று தேட வேண்டும். நம்மாள் சொன்னதால் கேள்வி கேட்காமல் விட்டால் எதிராளி ஒரு நாள் கேட்பான். அன்றைக்கு நம்மிடம் பதில் இருக்காது.

அம்பேத்கர் போட்ட கணக்கு

எண்ணை நம்பாதே என்று நான் சொல்லவில்லை. எண்ணை எப்படிக் கையாள்வது என்பதற்கு நம்மிடமே ஆசான் இருக்கிறார். 1927 மார்ச் 12 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றி அம்பேத்கர் பேசினார். முன்னேறிய இந்துக்கள், இடைநிலை இந்துக்கள், முகமதியர், தாழ்த்தப்பட்டவர்களை உள்ளடக்கிய பிற்பட்டோர் என்று அரசே போட்டிருந்த நான்கு பிரிவை எடுத்துக்கொண்டார். மக்கள்தொகையில் யார் எத்தனாவது, கல்வியில் யார் எத்தனாவது என்று இரண்டு வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மக்கள்தொகையில் நான்காவதாக இருந்தவர்கள் கல்லூரியில் முதலாவது. மக்கள்தொகையில் இரண்டாவதாக இருந்த பிற்பட்டோர் கல்லூரியில் கடைசி, அதுவும் ஏறக்குறைய பூஜ்யம். பெரிய சூத்திரம் ஏதும் இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் நாலாம் வகுப்பைத் தொடுவது 18 பேர்தான். சேர்ந்தவர்களை மட்டும் எண்ணாதே, நின்றவர்களை எண்ணு என்பதுதான் அதன் முறையியல்.

இந்தக் கணக்கை மன்றோ அட்டவணையில் போட்டுப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளில் பிராமணரும் வைசியரும் சேர்ந்தே நூற்றுக்கு 13 முதல் 23 வரைதானே என்கிறார்கள். பிற்காலக் குடிக்கணக்குகளில் சென்னை மாகாண மக்கள்தொகையில் பிராமணர் நூற்றுக்கு 3, 4 பேர்தான். ஜில்லாவுக்கு ஜில்லா இது மாறும், காலமும் வேறு, ஒப்பீடு தோராயமானது. ஆனாலும் ‘வெறும் 13தானே’ என்பது எங்கே, மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம் என்பது எங்கே? எண் மாறவில்லை. பக்கத்தில் வைத்த எண்தான் மாறியது.

நம் கையில் இருக்கும் படிவம்

இதையெல்லாம் மன்றோவையும் கர்ணத்தையும் குறை சொல்லிவிட்டுப் போவதற்காக எழுதவில்லை. இன்றைக்கு நம் பிள்ளைகளே வினாநிரல் தயாரிக்கிறார்கள். அதில் ‘எஸ்.சி.’ என்று ஒரு கட்டம் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த ஒரு கட்டத்துக்குள் பல சாதிகள் இருக்கின்றன. பறையரும் பள்ளரும் அருந்ததியரும் புதிரை வண்ணாரும் அதற்குள் ஒன்றாகக் கரைந்துவிடுகிறார்கள். எஸ்.சி. மாணவர் இத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்று முடிவு எழுதுகிறோம். மலம் அள்ளும் வேலைக்குத் தள்ளப்பட்ட வீட்டுப் பிள்ளை அதில் எத்தனை பேர்? பெண் பிள்ளை எத்தனை பேர்? நம்ம அட்டவணையிலும் ஒரு ‘மற்ற சாதிகள்’ உட்கார்ந்திருக்கிறது.

அருந்ததியர் இயக்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது இதைத்தான்: எங்களைத் தனியாக எண்ணு. நீதிபதி ஜனார்த்தனம் குழு 2008இல் தரவுகளைப் பார்த்துப் பரிந்துரை கொடுத்தது. 2009இல் 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானது. பத்தியைப் பிரித்து எண்ணியதால் வந்த உரிமை அது. பிரிக்காதே, ஒற்றுமை கெடும் என்று நம்மில் சிலர் சொன்னார்கள். எண்ணினால் கெட்டுப்போகிற ஒற்றுமை, மேலே உட்கார்ந்தவனுக்குத்தான் வசதி. கீழே இருப்பவனுக்கு அது இன்னொரு கர்ணம்.

முதுகலையில் ஆய்வேடு எழுதப்போகிற தம்பி, தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். கை-வர்க்கச் சோதனையையும் கற்றுக்கொள்ளுங்கள், திட்டவிலக்கத்தையும் போடுங்கள். நம்மை அறிவியல் தெரியாதவர்கள் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. ஆனால் முதல் எண்ணை எழுதுவதற்கு முன்பு பத்தியின் தலைப்பைப் படியுங்கள். அதை எழுதியவன் யார், நிரப்பியவன் எந்தத் தெரு வரைக்கும் நடந்தான், அதில் அடங்காமல் வெளியே நின்றது யார் என்று கேளுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் ‘இந்த ஆவணத்தை வைத்துச் சொல்ல முடியாது’ என்று துணிந்து எழுதுங்கள். பிறகு வருவாய்க் கட்டு, தொழிலாளர் துறைக் கட்டு, பழைய இதழ், பாட்டியின் வாய் என்று தேடிப் போங்கள். படிவம் தயாரிக்கும் வேலை உங்கள் கைக்கு வரும் நாளில் ‘மற்றவை’ என்ற கட்டத்தைக் கடைசியாகப் போடுங்கள். போடுவதற்கு முன்னால், அதில் போய் விழப்போகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாக அவர்களிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள்.